பழனியில் அடித்த போன்

மச்சான்,

உன் கணினியைத் திறந்தால் இன்னும் மூக்குப்பொடி வாசம் வருகிறது. எழுத்துக்கட்டைகளின் இடுக்கில் எத்தனை வருடத்துப் பொடியை இறைத்து வைத்திருக்கிறாயோ, நேற்று ‘ழ’ எங்கே இருக்கிறது என்று குனிந்து தேடினேன், மூக்கில் ஏறி நாலு தும்மல். அடுப்படியிலிருந்து உன் தங்கச்சி சொன்னாள்: “எங்கண்ணே செத்தும் சும்மா கெடக்க மாட்டேங்குது.”

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். நீ போன பிறகு, பள்ளிக்கூடத்தில் மத்தியானம் நடக்கும் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஒன்றரை வருடம் ஆயிற்று. ஒரு பத்தி எழுதுவதற்குள் ஒரு மூட்டைப் பூண்டுக்குத் தாள் அறுத்துவிடலாம். ஆனாலும் எழுதுகிறேன். எழுதியதைத் திரும்ப வாசித்து நானே சிரித்துக்கொள்கிறேன். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முதலில் பஸ் பலகைகளை வாசித்தேன். பிறகு உரமூட்டை. அதற்கப்புறம் உன் கணினியில், நீயும் உன் நிரல் கூட்டத்தாரும் எழுதி எழுதி அடித்துக்கொண்ட சண்டைப் பக்கத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். நிரலை இங்கிலீஷில் எழுதினாலும் சண்டையைத் தமிழில் போட்டிருக்கிறீர்கள். அதற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு. எழுத்து தெரிந்தவர்கள் தங்களுக்குள் பெரிய பெரிய விஷயங்களை எழுதிக்கொள்கிறார்கள் என்று எழுபது வருடம் பயந்து கிடந்தேன் மச்சான். வாசித்த பிறகுதான் தெரிகிறது, எவ்வளவு குப்பை!

அந்த மாட்டுப் போன் கதையை நீ சொல்லும்போதெல்லாம் உன் பக்கம் சாய்த்தே சொல்வாய். இப்போது என் முறை.

டெலிபோன் ஆபீஸில் ஓய்வு பெற்று நீ நம் மலைக்கே திரும்பி, பக்கத்தில் நாயுடுபுரத்தில் வீடு வாங்கி வந்தாய். சும்மா இருக்க முடியாமல் கணினிக்கு நிரல் எழுதப் படித்தாய். ஆளுக்கொரு ஊரில் இருக்கிறவர்கள் சேர்ந்து சம்பளம் வாங்காமல் ஒரு போன் எச்சரிக்கை செய்கிறார்கள் என்று அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாய். காட்டுமாட்டைப் பார்த்தவன் ஒரு நம்பருக்குப் போன் போட்டு இடத்தைச் சொல்ல வேண்டும். இயந்திரம் அந்தக் குரலைப் பிடித்து, ஊரில் எல்லா வீட்டுப் போனுக்கும் அடித்துச் சொல்லும். நல்ல யோசனை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அடுத்தவன் எழுதியதைக் குறை சொல்லலாம். எழுதியவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் எல்லாம் குறை சொல்ல வந்தவர்கள். கோயம்புத்தூரில் ஒரு பொறுப்பாளர். அவர் தலையாட்டினால்தான் எதுவும் உள்ளே போகும்.

நிரலை ஒரே துண்டாக வைப்பதா, பத்துத் துண்டாகப் பிரிப்பதா என்று அவர்கள் ஒரு மாசம் அடித்துக்கொண்டதை இப்போதுதான் முழுசாக வாசித்தேன். வாசிக்க எனக்கு ஆறு நாள் ஆயிற்று. ஒருவர் அழகு என்கிறார். இன்னொருவர் நாளைக்கு வசதி என்கிறார். ஒரு துண்டுக்கு என்ன பெயர் வைப்பது என்று பதினேழு பதில். இதற்கு வடிவமைப்பு என்று பெயராம். அந்த ஒரு மாசமும் மாடு தினம் ஓடை வளைவில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனது. அந்தப் பதினேழு பதிலில் ஒன்றிலாவது மாடு என்ற சொல் வரவில்லை. தேடித் தேடிப் பார்த்தேன்.

பிறகு சோதனை நடந்தது. கோயம்புத்தூரில், ஒரே மேசையில் நாலு போனை வரிசையாக வைத்து. நாலும் அடித்தன. கைதட்டினார்கள். நம் ஊரில் வீடு வீடாக நம்பர் வாங்கினார்கள். நீ மேடு ஏறி வந்து, எங்கள் வாசலில் நின்று கணினியைத் தூக்கிக் காட்டினாய். திரை முழுக்கப் பச்சை.

“நூத்துக்கு நூறு மாப்ளே! ஒரு வீடு விடல.”

“பச்சைன்னா என்ன மச்சான்?”

“போன் அடிச்சிருச்சுன்னு அர்த்தம்.”

“எடுத்தது யாரு?”

“ஏலே, அது எதுக்கு நமக்கு? அடிச்சா எடுக்கப்போறாங்க.”

டெலிபோன் ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவன் பேசுகிற பேச்சா இது? அடிக்கிற போனை எல்லாம் எடுக்கிறார்கள் என்று அங்கே யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

அந்த வாரமே நடந்தது. பூண்டு பிடுங்குகிற காலம். உன் தங்கச்சி முத்தம்மா வெள்ளனே தோட்டத்துக்குக் கிளம்பினாள். பனி தரையோடு கிடந்தது. அதற்கு முன்னாலேயே பால்காரர் ஓடை வளைவில் மாட்டைப் பார்த்து, நீங்கள் சொன்னபடி போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் எந்த மணியும் அடிக்கவில்லை. அவள் வளைவு திரும்பினாள், எதிரே ஒற்றைக் காட்டுமாட்டுக் கிடா. பின்னால் நகர்ந்தவள் கரை சரிந்து ஓடையில் விழுந்தாள். விழுந்ததால்தான் பிழைத்தாள். மாடு மேலே நின்று மூச்சு விட்டதும் அது தன் முகத்தில் பட்டதும் இன்றைக்கும் சொல்கிறாள். இடது கால் முறிந்து, இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு நீ எதைத் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா? இந்தக் கணினியை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “பாரு, உங்க வீடு பச்சையாத்தான் இருக்கு, எப்படி அடிக்காமப் போகும்?” என்று எங்களிடமே கேட்டாய். அவள் வலியோடு திரும்பிப் பார்த்தாள்.

“அண்ணே, அந்தப் பச்சையக் கொண்டாந்து என் காலுல கட்டு.”

அப்போது உன் முகம் போன போக்கு! அதை நினைத்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருக்கிறது. ஒளிக்க மாட்டேன்.

போன் அடித்திருக்கிறது, எங்கே அடித்தது என்பதை எங்கள் பெரிய பையனைக் கூப்பிட்டபோதுதான் கண்டுபிடித்தோம். பழனியில், அவன் வேலை பார்க்கிற பஞ்சாமிர்தக் கடையில்.

“ஆமாப்பா, அடிச்சுச்சு. ஓடை வளைவுல மாடுன்னு யாரோ சொன்னாக. வாழைப்பழம் உரிச்சிட்டு இருந்தேன், கையெல்லாம் பிசுக்கு. ஊருக்கே போயிருக்கும்ல, அம்மாவும் கேட்டிருக்கும்னு வச்சிட்டேன்.”

பையன் மேல் தப்பில்லை. நம்பர் கேட்டு வந்தவர்களிடம் அவன் நம்பரைக் கொடுத்தவன் நான். கேஸ் சிலிண்டர், ரேஷன், பேங்கு என்று எந்தச் செய்தி வந்தாலும் வாசிக்கத் தெரிந்தவன் அவன்தான். அதனால் வீட்டு நம்பர் என்று யார் கேட்டாலும் பழக்கத்தில் அவன் நம்பரே வாயில் வரும். நான் மட்டுமா? ஊரில் பாதி வீடு இதைத்தான் செய்திருந்தது. எச்சரிக்கை ஒழுங்காகப் பழனிக்கும் திருப்பூருக்கும் போய்க்கொண்டிருந்தது. திருப்பூரில் ஒருவரையும் மாடு முட்டவில்லை. அந்த மட்டுக்கும் உங்கள் வேலை வெற்றி.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைத் திட்டினேன். என்னையும் சேர்த்துத்தான் திட்டினேன். இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவில் நிற்கிறவனுக்கு மாடு வருதென்று சத்தம் கொடுத்தால் நாம் என்ன செய்வோம்? அவன் திருப்பிச் சத்தம் கொடுக்கிற வரைக்கும் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டோம். திருப்பிச் சத்தம் வராவிட்டால் வேறு யாரையாவது கூப்பிட்டு ஓடச் சொல்வோம். நீயும் நானும் ஆடு மேய்த்த காலத்திலிருந்தே அப்படித்தான். “அத விட்டுட்டு, கத்திட்டேன் சோலி முடிஞ்சதுன்னு போறதுக்கு ஒரு மிசினு, அதுக்கு ஒரு கூட்டம், அதுல நீ ஒரு ஆளு,” என்றேன்.

பொடி டப்பாவைத் திறந்து, போடாமலே மூடினாய். மறுநாளே எழுத உட்கார்ந்துவிட்டாய். போனை எடுத்தவர் ‘ஊரில்தான் இருக்கிறேன், கேட்டுவிட்டேன்’ என்பதற்கு ஒன்றாம் நம்பரை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் மறுபடி அடிக்கும். அதற்கும் அழுத்தாவிட்டால், ஏற்கெனவே ஒன்றை அழுத்திய பக்கத்து வீட்டுக்கு அடித்து, நேரில் போய்ச் சொல்லச் சொல்லும். அதுவரைக்கும் பச்சை கிடையாது.

பொறுப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை கூடும், நிரல் கூடினால் பிழையும் கூடும், ஒரு தரத்துக்கு மேல் அடித்தால் ஜனங்களுக்கு எரிச்சல் வரும் என்று எழுதினார். நீ சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து அதையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டுவாய். ஒருநாள் இப்படி வாசித்தாய்: “தோட்டத்துல நிக்கிற பெரியவுக அனுபவத்தையும் நாம மதிச்சுக் கேக்கணும்னு எழுதிருக்காரு மாப்ளே.”

அதைக் கேட்டு மூன்று நாள் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. டீக்கடையில் சொன்னேன். மருந்துக் கடையில் சொன்னேன். கோயம்புத்தூர்க்காரர் என்னை மதிக்கிறார் என்று, கால் கட்டோடு கிடந்தவளிடம் நாலு தரம் சொன்னேன்.

போன மாசம் அந்த இடத்துக்கு வாசித்து வந்து சேர்ந்தேன். அவர் எழுதியிருப்பது இது: “கைநாட்டு ஆட்கள் சொல்வதைக் கேட்டெல்லாம் நிரலை மாற்ற முடியாது.”

விரலை வைத்து எழுத்து எழுத்தாக மூன்று தரம் வாசித்தேன். நான் தப்பாக வாசிக்கிறேனோ என்று மறுநாள் டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சரியாகத்தான் வாசித்திருக்கிறேன். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை மச்சான். நாலு போனை ஒரே மேசையில் வைத்துச் சோதிக்கிற ஆளிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? கோபம் உன் மேல்தான் வந்தது. என்னைப் பச்சைப்பிள்ளை என்று நினைத்துவிட்டாய். இந்தக் கூட்டத்தில் எல்லாரும் மாட்டுக்குப் பொய்யான நிரல் எழுதினார்கள், நீ எனக்குப் பொய்யான வாசிப்பு வாசித்தாய். இரண்டும் ஒரே வேலை. அடித்தது ஒன்று, போய்ச் சேர்ந்தது ஒன்று.

இரண்டு நாள் கணினியை மூடி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அதற்குக் கீழே என்ன இருக்கிறது பார்ப்போம் என்று திறந்தேன். கீழே உன் பதில்: “அந்தக் கைநாட்டு என் தங்கச்சி புருஷன். சத்தம் கொடுத்தவன் திருப்பிச் சத்தம் வரும்வரை நகரக்கூடாது என்பது அவன் சொன்னது, நான் சொன்னதல்ல. இந்தக் கூட்டத்தில் இதுவரை உருப்படியாக வந்தது அது ஒன்றுதான். இதைச் சேர்க்க முடியாது என்றால் எங்கள் ஊரை விட்டுவிடுங்கள், நாங்கள் தொண்டையை வைத்தே பிழைத்துக்கொள்கிறோம்.” அதற்குப் பிறகு பதினோரு நாள் நீ ஒற்றை ஆளாக மல்லுக்கட்டியிருக்கிறாய். அந்தப் பதினோரு நாளும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, “நல்லாத்தான் போகுது மாப்ளே” என்று சொல்லிவிட்டுப் போனாய். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். அதைக்கூட ஏதோ தானாக நடந்ததுபோல்தான் சொன்னாய். திமிர் பிடித்தவன் நீ. உன்னை மதிப்பதா மிதிப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்போது நடந்ததைக் கேள். போன வாரம் அந்தப் பக்கத்தில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. பதில் அழுத்துகிற பகுதியை எடுத்துவிடலாமாம். அதனால் எச்சரிக்கை மெதுவாகிறதாம். அதற்குச் சோதனை எழுதுவது, அதாவது யார் நிரலை மாற்றினாலும் அது சரியாக நடக்கிறதா என்று கணினியே ஒவ்வொரு தரமும் ஓட்டிப் பார்க்கிற மாதிரி எழுதி வைப்பது, சிரமமாம். கடைசி வரி: “அதைக் கேட்டவர் இப்போது இல்லை.” கீழே ஆறு பேர் சரி சரி என்று கட்டைவிரலைத் தூக்கியிருக்கிறார்கள்.

அதை வாசித்து எனக்கு வந்த தலைவலிக்கு இதமாக இருக்கட்டும் என்று முத்தம்மா காபி கொண்டு வந்து வைத்தாள். அது ஆறிப்போகிற வரைக்கும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன். “அதைக் கேட்டவன் நான். இருக்கிறேன்.”

மறுநாள் பொறுப்பாளர் பதில் போட்டார். மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்: “ஐயா, உணர்ச்சியை வைத்து நிரலை வைத்திருக்க முடியாது. இந்தப் பகுதி வேண்டும் என்றால் அதற்கு ஒரு சோதனை வேண்டும். முடிந்தால் எழுதிக்கொடுங்கள்.” முடியாது என்று தெரிந்து கேட்கிற கேள்வி. நீ இருந்திருந்தால் எனக்கு இதை எப்படி வாசித்திருப்பாய் என்று யோசித்துப் பார்த்தேன். பெரியவர் கையால் ஒரு சோதனை கிடைத்தால் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று எழுதியிருக்கிறார் மாப்ளே என்றிருப்பாய். சரி, அப்படியே எடுத்துக்கொண்டேன்.

எழுதிக்கொடுத்தேன். நாலு நாள் ஆயிற்று. நிரல் எனக்குத் தெரியாது, தெரிந்ததை எழுதினேன்: “விடியவில்லை. பனி. வளைவில் மாடு நிற்கிறது. முத்தம்மா வீட்டுப் போன் பழனியில் அடிக்கிறது, பையன் எடுத்துக் கேட்கிறான், ஒன்றை அழுத்தாமல் வைத்துவிடுகிறான். முத்தம்மா செருப்பை மாட்டுகிறாள். அவள் வாசல் தாண்டுவதற்குள் பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்ட வேண்டும். தட்டினால் சரி. தட்டாவிட்டால் உங்கள் நிரல் தப்பு.”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மதுரையிலிருந்து ஒரு பெண், இதில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லி, அதை அப்படியே நிரலாக மாற்றிக்கொடுத்தாள். ஒன்றை அழுத்துகிற பகுதியை எடுத்துவிட்டு ஓட்டினால் சிவப்பு, வைத்து ஓட்டினால் பச்சை. ஆறு பேரும் தூக்கிய விரலை இறக்கிக்கொண்டார்கள். பொறுப்பாளர் தலையாட்டினார், அது உள்ளே போய்விட்டது.

உன் தங்கச்சி கால் இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது. இன்றைக்கும் வெள்ளனே பூண்டுக்குப் போனாள். அவள் பெயரை அந்த நிரலில் நான் வைத்திருப்பது அவளுக்குத் தெரியாது. நீயாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதினேன். இனி கோயம்புத்தூரிலோ வேறு எங்கேயோ உட்கார்ந்துகொண்டு எவன் ஒரு வரியை மாற்றினாலும், அந்த மாற்றம் உள்ளே போவதற்கு முன்னால் ஒவ்வொரு தரமும் பனியில் மாடு வந்து நிற்கும், முத்தம்மா செருப்பை மாட்டுவாள், யாராவது கதவைத் தட்டியாக வேண்டும்.