எம். தங்கராசாவுக்கு வந்த கடிதம்

டூங்கபி
24.04.2010

அன்பு மகன் மயூரதனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் மருமகள் கௌசிகாவும் அந்தக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் நோ பரவாயில்லை. இதை நூலகத்தில் ஸ்கான் செய்வித்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன், அங்கே வேலை செய்யும் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது ஓர் ஆறுதல். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை உன் ஊர்க் கால்பந்துக் குழுவின் நுழைவுச்சீட்டு விற்கும் ரிக்கற் அலுவலகம் திறக்கும்போது நீ அதன் வாசலில் நிற்க வேண்டும். நான் ஒரு பெரிய பிழை செய்துவிட்டேன்.

பன்னிரண்டாம் திகதி அமெரிக்காவிலிருந்து ஏதோ பந்தாட்டக் குழுவின் முத்திரையோடு தடித்த உறை ஒன்று வந்தது. மேலே எம். தங்கராசா என்று இருந்தது. மாணிக்கம் தங்கராசாவாகிய நான் எனக்குத்தான் என்று உடைத்தேன். உங்கள் பெயர் பட்டியலின் உச்சிக்கு வந்துவிட்டது, முப்பதாம் திகதிக்குள் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால் நீக்கப்படும் என்று முதல் பக்கத்தில் இருந்தது. அதற்குமேல் ஒன்றும் என் தலைக்குள் ஏறவில்லை. பட்டியலில் பெயர் வந்தவர்களின் வீடுகளுக்கு ஊரில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது சின்னப் பிள்ளை. போன வருடம் பரமற்றாவில் போரை நிறுத்தச் சொல்லி அனுப்பிய மகஜரில் எல்லோரும் கிறுக்கிவிட்டுப் போக, நான் ஒருவன்தான் முழுப் பெயரும் விலாசமும் தெளிவாக எழுதியவன். அங்கிருந்துதான் யாரோ என் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அம்மா குசினியில் சமைத்தபடியே, "பந்தடிக்கிறவங்கள் உங்களை என்னத்துக்குப் பிடிக்கப் போறாங்கள்? தூக்கி எறியுங்கோ" என்றாள். ஆனால் நீக்கப்படும் என்று எழுதியிருந்தாலும், பதில் எழுதாவிட்டால் சம்மதம் என்றுதானே கொள்வார்கள், நில அளவைக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் நான் கண்டது அதுதான். மூன்று நாள் திருத்தித் திருத்தி எழுதி, பதினாறாம் திகதி பதிவுத் தபாலில் அனுப்பினேன். எம். தங்கராசா நான்தான், உங்கள் குழுவுக்கு நான் ஒருபோதும் விண்ணப்பித்ததில்லை, தயவுசெய்து என் பெயரை வெட்டிவிடுங்கள் என்று. ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டுப் பாலகிருஷ்ணன், சென்னைக்காரர், கணினி வேலை செய்பவர், ஏணியைத் திருப்பித் தர வந்தார். உறையோடு வந்த சிறு புத்தகம் மேசையில் கிடந்ததைக் கண்டுவிட்டு, "அங்கிள், இது நம்ம மயூரதன் உயிரை விடற டீமாச்சே! சீசன் டிக்கெட் வந்துடுச்சா? அடேங்கப்பா! அங்க ஒருத்தர் போய்ச் சேர்ந்தாதான் அடுத்தவருக்கு சீட்டு. பார்ட்டி எப்போ?" என்று குதித்தார். நான் அவருக்குச் சீனி போடாத தேநீரைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் எல்லாம் விளங்கியது. படிக்கப் போன காலத்தில் உனக்கு நிலையான அறை இல்லை. அந்தப் பட்டியலில் சேர்ந்தபோது நிரந்தர விலாசம் என்ற இடத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் எழுதுவதுபோல நீயும் அப்பா வீட்டை எழுதியிருக்கிறாய். உன் குடும்பப் பெயர் என் பெயர், உன் முதலெழுத்தும் எம். இதை அன்றே யோசிக்காதவன் எத்தனை காணிகளுக்கு எல்லை கீறியிருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. அந்தப் புத்தகத்தை முழுவதும் வாசித்தேன். தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடத் தொடங்கிய குழுவாம். ஆலை மூடியபோது ஊர்ச்சனம் சேர்ந்து குழுவைக் காப்பாற்றியதாம், மைதானத்துப் பனியைச் சனமே சவளால் அள்ளியதாம், தகப்பன்மார் தங்கள் இருக்கையைப் பிள்ளைகளுக்கு உயிலில் எழுதி வைப்பார்களாம். நான் பிள்ளையின் இருக்கையைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்" என்று அம்மா வெருட்டியதால்தான் இன்று காலை ஆறு மணிக்கு உன்னை அழைத்தேன். "என்னப்பா, விடியவெள்ளன எடுக்கிறியள்?" என்று நீ கேட்டதும் பனி கரைந்துவிட்டதா என்று கேட்டேன், நீ ஓம் என்றாய், வைத்துவிட்டேன். அப்போது உங்களுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம், அலுவலகம் திறந்திருந்திருக்கும். அந்த இரண்டு மணித்தியாலத்தையும் என் பயம் தின்றுவிட்டது.

தபாலுக்குப் பத்து நாள் எடுக்கும் என்றார்கள். அப்படியானால் என் கடிதம் திங்களோ செவ்வாயோ வந்து சேரும், நீ அதற்கு முந்த வேண்டும். கடவுச்சீட்டையும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டு போ, அதில் தகப்பன் பெயர் இருக்கிறது. உறையில் வந்த எல்லாவற்றையும், நான் எழுதியதன் பிரதியையும், அது பிழை என்று இன்று எழுதிய இன்னொரு கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். அதை ஒருமுறை சரிபார்த்துக் கொடு, என் எழுத்தில் எனக்கு இனி நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. உறைக்குள் கடைசித் தாளாக நீ 2003இல் நிரப்பிய விண்ணப்பத்தின் பிரதி இருந்திருக்கிறது. இன்றுதான் பார்த்தேன். இருக்கைகள் இரண்டு. இரண்டாவதில் இருப்பவர் பெயர் மாணிக்கம் தங்கராசா, உறவுமுறை தகப்பன். எழுபதாயிரம் பேர் கூடும் இடமாம். ரயில் நிலைய மேடையில் ஐம்பது பேர் நின்றாலே அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கிறவன் நான். அந்தக் கதிரை இன்னும் இருந்தால் வருவேன், மகன்.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் காக்கட்டும். முடிவு எதுவானாலும் நீயே எனக்குச் சொல், அம்மா மூலம் சொல்லி அனுப்பாதே. தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருப்பேன்.

அன்புள்ள அப்பா,
மா. தங்கராசா