லீலா அக்காவின் மட்டி வாழை

ஆடி 14, புதன்

அருமனையில் லீலா அக்காவின் தோட்டத்துக்கு மறுபடியும் போனேன். ஆய்வகத்தில் வளர்த்த வாழைக்கன்றுகளை நடுவாரா என்று போன வருடம் என் ஆய்வுக்காக அவரிடம் கேட்டிருந்தேன்.

இன்று அங்கே ஒரு மட்டி வாழைகூட இல்லை; எங்கும் ஆய்வகத்தில் வளர்த்த வேறு ரகக் கன்றுகள். அந்த ஊர்க் கைப்பிள்ளைகள் தாய்ப்பாலுக்கு அடுத்து முதன்முதலில் தின்பது அவர் தோட்டத்து மட்டிப்பழத்தைத்தான்.

"எல்லாத்தையும் வெட்டிக் களஞ்சேன், சாரே. காலேஜில இருந்து இவ்வளவு தூரம் வந்து கேட்டியளே, நல்லதாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

காலையில் பக்கத்து வீட்டுப் பெண் கைப்பிள்ளைக்குப் பழம் கேட்டு வந்தாளாம். வெறுங்கையோடு அனுப்பினாராம். அதைச் சொல்லிக்கொண்டே எனக்குச் சாயா போட்டுத் தந்தார்.

நான் கேட்டது வெறும் கேள்விதான்; நடச் சொல்லவில்லை. சாயாவைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அச்சுக்குப் போகும் என் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. 'தாமாகவே மாறியவர்' என்று இன்றிரவு எழுதிச் சேர்த்தேன்.