வேண்டாம் என்று சொன்ன மதிப்பெண்

அன்புள்ள ஹேசலுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். முழங்காலுக்குக் களிம்பு தடவுகிறாயா? ஓஹையோவில் பனி குறைந்ததா? இத்தாலியில், இந்தப் பதுவை நகரில் நான் சுகமே.

இந்த வயதில் கல்லூரியில் சேர்ந்த பிறகு என் முதல் தேர்வு முடிந்தது. இங்கே பெரும்பாலும் வாய்மொழித் தேர்வுதான். மற்ற மாணவர்கள் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள். படித்த கலை வரலாற்றையெல்லாம் மேஜையைப் பார்த்தபடியே அரைகுறையாக முணுமுணுத்தேன். பேராசிரியை பெர்த்தோலின், "முப்பதுக்குப் பத்தொன்பது. ஏத்துக்கிறீங்களா?" என்றார். தேர்ச்சிக்குப் பதினெட்டே போதும். குறைவென்று தோன்றினால் மறுத்துவிட்டு இன்னொரு முறை வரலாம். அது இங்குள்ள வழக்கம்.

தேர்வு முடிந்ததும் ஈஸ்டருக்கு வீடு திரும்புவதாக உனக்குச் சொல்லியிருந்தேன். எனவே தலையாட்டப் போனேன். பின்னாலிருந்து வகுப்புத் தோழி ஜினெவ்ரா, "வேணாம்னு சொல்லுங்க தாத்தா. அந்த மார்க்கோட போனா பாட்டி கதவைத் திறப்பாங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

உணவகத்தில் ஆறிய சூப்பைக்கூடத் திருப்பி அனுப்பாதவன் நான். "வேண்டாம்" என்றேன். செய்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

"அப்ப ஏப்ரல் கடைசியில வாங்க. அன்னிக்காவது மேஜையை விட்டுட்டு என்னைப் பார்த்துப் பேசுங்க," என்றார் பேராசிரியை.

ஆகவே ஈஸ்டருக்கு நான் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. ஈரக்குளிர் அதிகம், பழுப்புக் கம்பளிச் சட்டை தேவைப்படுகிறது. அதைத் தபாலில் அனுப்பாமல் நீயே கொண்டுவர முடியுமா? இந்த வரியைப் பலமுறை எழுதி அடித்துவிட்டேன். இம்முறை அடிப்பதற்குள் உறையை ஒட்டிவிடுகிறேன்.

உன்,
ஓர்வில்