ரூட்டுக்கே அனுமதி இல்லை

மார்ச் 2, ஞாயிறு
எங்கள் ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் டேட்டாபேஸைப் புது டிஸ்க்குக்கு மாற்றினேன். பழையது நாலு நாளாக முனகிக்கொண்டிருந்தது. காப்பி முடிந்த கையோடு உயிரை விட்டது. நாற்பதாயிரம் கொடையாளர்களின் விவரம் தப்பித்தது. நாளைக் காலையில் சர்வரைக் கிளப்பிவிட்டால் நிம்மதி.

மார்ச் 3, திங்கள்
நிம்மதியாவது ஒன்றாவது. சர்வர் கிளம்ப மாட்டேன் என்கிறது. "அனுமதி மறுக்கப்பட்டது." அவ்வளவுதான் சொல்கிறது.

ஒன்பதரைக்கு ரத்த வங்கி நர்ஸ் அக்கா மூச்சிரைக்க வந்தார். ஏழாம் வார்டில் ஒரு கர்ப்பிணி, வியாழக்கிழமை ஆபரேஷன். பத்தாயிரத்தில் யாரோ ஒருவருக்கு இருக்கும் ரத்த வகையாம் அவளுக்கு. வேறு எதுவும் ஏற்ற முடியாது.

"இந்த வகைக்காரங்க யார் யாருன்னு லிஸ்ட் எடுத்துக் குடும்மா."

"சர்வர் இன்னும் கிளம்பலக்கா."

"எப்பக் கிளம்பும்?"

"மதியத்துக்குள்ள." எந்த தைரியத்தில் சொன்னேன்?

அதே நாள், மாலை
மதியம் போயே போச்சு.

முதலில் ரூட் என்கிற தலைமைக் கணக்கிலிருந்து கிளப்பிப் பார்த்தேன். இந்த இயந்திரத்தில் ரூட் வைத்ததுதான் சட்டம். எல்லாவற்றையும் அழிக்கக்கூட அதனால் முடியும். சர்வர் சொன்ன பதில்: ரூட்டாக வந்தால் இயங்க மாட்டேன். அது ரூட்டாக ஓடும்போது திருடன் எவனாவது உள்ளே புகுந்தால் முழு இயந்திரமும் அவன் கைக்குப் போய்விடுமாம். அதனால் குறைந்த அதிகாரத்தோடுதான் வேலை செய்யுமாம். எந்த அலுவலகத்தில் இப்படி ஒரு ஆளைப் பார்த்திருக்கிறேன்?

பிறகுதான் உறைத்தது. ரூட்டாக இருந்து காப்பி செய்ததால் கோப்புகளெல்லாம் ரூட்டின் பெயரில் கிடந்தன. அவற்றை டேட்டாபேஸின் சொந்தக் கணக்குக்கு மாற்றினேன். பதற்றத்தில் அதோடு நிற்கவில்லை. டிஸ்க் முழுவதையும் எல்லாருக்கும் திறந்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், எழுதட்டும், எக்கேடோ கெடட்டும்!

மறுபடியும் மறுப்பு. இந்த முறை வேறு வாசகம்: ஃபோல்டர் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது, மூடினால்தான் இயங்குவேன்.

நாற்பதாயிரம் பேரின் பெயர், முகவரி, நோய். நான் கொட்டிக் கவிழ்த்ததை அது காவல் காத்தது. எங்கேயோ, ஏதோ ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ யோசித்திருக்கிறார் — ஒரு நாள் ஒருத்தி பதறிப்போய் எல்லாக் கதவையும் திறந்துவிடுவாள் என்று. என்னைத் தெரியாமலே என்னைத் தெரிந்து வைத்திருக்கிறார்.

மூடினேன். மேலிருந்து கீழ்வரை ஒன்று விடாமல். பழையபடி "அனுமதி மறுக்கப்பட்டது."

கழிவறைக்குப் போய் அழுதேன். வேறென்ன செய்ய?

மார்ச் 4, செவ்வாய்
காலையில் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். தபால்காரரான அவருக்கு சர்வரைப் பற்றி என்ன தெரியும்?

"கடுதாசி போய்ச் சேரலன்னா நாங்க நேரா வீட்டுக் கதவப் போய் பாக்க மாட்டோம். தெருமுனையிலேர்ந்து நடப்போம். நீ நடந்து பாத்தியா?"

நடக்கவில்லை.

ரத்த வங்கியில் நர்ஸ் அக்கா தரையில் உட்கார்ந்து பழைய காகித அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். "ஆறாயிரம் பாத்தாச்சு. நீ உன் வேலையப் பாரு." திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டேட்டாபேஸ் கணக்காகவே உள்ளே போனேன். உச்சியிலிருந்து ஒவ்வொரு ஃபோல்டராக இறங்கினேன். முதலாவது விட்டது. இரண்டாவது — முட்டிக்கொண்டது. புது டிஸ்க்கின் வாசல் ஃபோல்டர். அது ரூட்டுக்குச் சொந்தம். நேற்று மூடிய வேகத்தில் அதையும் மூடியிருக்கிறேன். வீடு டேட்டாபேஸுடையதுதான், நான் தெருவை அடைத்துவிட்டேன்! கடந்துபோக மட்டும் அனுமதி கொடுத்தேன்.

10:47. கிளம்பியது.

நாற்பதாயிரத்தில் மூன்று பேர். நர்ஸ் அக்கா திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் வெளிநாட்டில். மூன்றாமவர் ஒரு தச்சர், பஸ்ஸில் ஆறு மணி நேரத் தொலைவு. "எப்ப வரணும்?" என்பதைத் தவிர நர்ஸ் அக்காவிடம் போனில் எதுவும் கேட்கவில்லையாம்.

மார்ச் 5, புதன்
தச்சர் வந்தார். சட்டைக் காலரில் மரத்தூள். ரத்தம் கொடுத்து முடித்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"யாருக்குன்னு கேக்கவே இல்லையே நீங்க?"

"கேட்டா இன்னும் ரெண்டு சொட்டு கூட வருமாம்மா?"

போகும்போது கதவை ஆட்டிப் பார்த்து, "கீல் எறங்கியிருக்கு, யாரையாவது பாக்கச் சொல்லுங்க" என்றார். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். பஸ் நிறுத்தம்வரை கூடவே போக வேண்டும்போல் இருந்தது. போகவில்லை, பார்த்துக்கொண்டே நின்றேன்.

மார்ச் 6, வியாழன்
ஆபரேஷன் நடந்தது. ரத்தம் தேவைப்பட்டதாம். அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்
ரத்த வங்கி கம்ப்யூட்டரைப் பார்க்கப் போயிருந்தேன். நர்ஸ் அக்கா பக்கத்து அறையில் இருந்தார். அவரிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பலாம் என்று அந்த ஏழாம் வார்டுப் பெண் என் எதிரில் காத்திருந்தாள், மடியில் மகளோடு. போன் அடித்தது. எடுத்தேன். தச்சர்.

"ஒண்ணுமில்ல... அன்னைக்குக் குடுத்தது யாருக்காவது ஆச்சா?"

யாருக்குப் போனது என்று கொடுத்தவரிடம் சொல்லக் கூடாது. அது விதி. எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அதற்குள் குழந்தை வீறிட்டது.

"அங்க கொழந்தை அழுவுதே?"

"ஆமாங்க."

"நல்லா அழட்டும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.