ஏழாம் நம்பர் மலைக்கு மேலே ஒரு நேர்கோடு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மூடுபனி. பத்து மணிக்குத்தான் வெயில். தெமோதரையில் ரயிலை விட்டு இறங்கி, தோட்டம் வரை நடை. பஸ் இல்லை, வழக்கம்போல.

செய்ய வேண்டியவை: பாதைப் படம். தடைப் பட்டியல். பேட்டரி சார்ஜ். அம்மாவுக்கு முழங்கால் தைலம்.

நான் வேலை செய்யும் ஆய்வுத் திட்டத்தின் பேராசிரியர் (பேரா.) கொழும்பில் உட்கார்ந்தபடியே வரைபடத்தில் கோடு கிழித்து அனுப்பிவிட்டார். பண்டாரவளையில் கிளம்பி எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் இறங்கப்போகும் மருந்து ட்ரோன். லொறியில் ஒன்றரை மணி நேரம், இதில் பதினோரு நிமிடம். நேர்கோடு, ஏழாம் நம்பர் மலைக்கு நேர் மேலே. தேயிலை மலை ஏறிக்கொண்டே போகிறது, ட்ரோன் ஏறாது. அனுமதி கிடைத்த உயரம் அவ்வளவுதான். முகட்டில் நிழல்மரங்களின் தலையை உரசாத குறையாகப் போகும்.

அந்த மரங்களில்தான், இரைச்சலுக்கே கலையும் குளவிக் கூடுகள்.

மார்ச் 5, புதன்

பின்னேரம் மழை, இடி. தைலம் வாங்க மறந்தேன்.

தடைப் படிவத்தில் நான்கே கட்டம்: கட்டடம், மின்கம்பி, மரம், வேறு. 'வேறு' என்ற இடத்தில் 'குளவிக் கூடு, மூன்று. கீழே கொழுந்து பறிக்கும் பெண்கள்' என்று எழுதி அனுப்பினேன். அரை மணியில் பதில்: அளக்கக்கூடிய தடைகளை மட்டும் தரவும். கூட்டின் விட்டம்? தரையிலிருந்து உயரம்?

விட்டமாம்.

அம்மா கொழுந்து பறிக்கும் கூட்டத்துக்குக் கங்காணி, இராமையா அண்ணன். அவரிடம் கேட்டேன்.

"டேப்பைக் குடுங்க தங்கச்சி, ஏறி அளந்துட்டு வர்றேன். திரும்பி வந்தா சொல்றேன்."

இதையும் படிவத்தில் சேர்க்க ஆசை.

மார்ச் 7, வெள்ளி

பேரா. போனில் இருபது நிமிடம். கூடு இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது, பாதை நிரந்தரமாம். சரி, கூட்டை எடுத்துவிடலாமே என்றார். எடுக்க ஆள் கூட்டி வருவதாகத் தோட்ட ஆபீஸில் போன மழைக்காலத்திலிருந்தே சொல்கிறார்கள். மேற்கே வளைத்தால் நான்கு நிமிடம்தான் கூடும் என்றேன். முடியாது, கட்டுரைத் தலைப்பிலேயே 'மிகக் குறுகிய பாதை' இருக்கிறதாம். தலைப்பை மாற்றுங்கள் என்று வாய்வரை வந்தது. சம்பளம் நினைவுக்கு வந்தது.

சோதனைப் பறப்பு வியாழன் காலை ஒன்பது மணி. அன்றைக்கு மட்டும் பெண்களை வேறு மலைக்கு அனுப்ப முடியுமா என்று ஆபீஸில் கேட்டேன். முடியாதாம். வியாழக்கிழமை கொழுந்துச் சுற்று ஏழாம் நம்பருக்கு. ட்ரோனையும் நிறுத்த மாட்டார்கள், சுற்றையும் மாற்ற மாட்டார்கள். நடுவில் நான்.

மார்ச் 9, ஞாயிறு

லயத்தில், எங்கள் வரிசை வீட்டில். தண்ணீர் வரவில்லை, பீலிக்கரையில் வரிசை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே மலையில் குளவி கலைந்தது. அம்மா பதுளை ஆஸ்பத்திரியில் மூன்று நாள். முகம் வீங்கி, அடையாளம் தெரியாமல் கட்டிலைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். பக்கத்து நிரையில் பறித்த சரோஜா அக்கா திரும்பவில்லை. லொறி வர நேரமாகிவிட்டது.

இந்தத் திட்டத்தின் விண்ணப்பத்தில் முதல் வரி நான் எழுதியது: 'குளவிக் கொட்டுக்கான ஊசிமருந்து தோட்டங்களுக்கு விரைவாகச் சேர வேண்டும்.' சரோஜா அக்காவை நினைத்துத்தான் எழுதினேன். இப்போது அந்த மருந்து அதே கூடுகளைக் கலைத்துக்கொண்டு வரப்போகிறது. பேரா. மேல் கோபம். என் மேல் அதைவிட.

வியாழக்கிழமை வேலைக்குப் போகாதே என்றேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டே, "போகாட்டி பேரு விழாது, அன்னிக்குச் சம்பளம் இல்ல. நீ ஒன் மெசினை நிப்பாட்டு. நான் எதுக்கு நிக்கணும்?"

பயமாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

வெயில். காலில் வெள்ளைச் சப்பாத்தோடு பேரா. வந்து இறங்கினார். பாதையை நேரில் பார்க்க வேண்டுமாம். நல்லதாகப் போயிற்று என்று நேரே ஏழாம் நம்பருக்குக் கூட்டிப் போனேன்.

மரத்தடியில் நின்று கையை வீசி வீசி, உரத்த குரலில் விளக்கம். காற்றோட்டம், பேட்டரி, வளைவுக் கோணம். பெண்கள் பறிப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மாதான் கூடையோடு கிட்டே வந்தாள்.

"ஐயா, கொஞ்சம் மெதுவா பேசுங்க. மேல பாருங்க."

பார்த்தார். தலைக்கு மேலே சோற்றுப்பானை அளவில் ஒன்று. அதன் மேல் ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. விட்டம் கேட்கவில்லை. குறிப்பேட்டை மூடி, நுனிக்காலில் கீழே இறங்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

மழை. தைலம் வாங்கியாயிற்று.

காலையில் மின்னஞ்சல். பாதை மேற்கே வளைக்கப்படுகிறது, நான்கு நிமிடம் கூடுதல். காரணம்: முகட்டில் பலமான குறுக்குக் காற்று.

நேற்று ஓர் இலை ஆடவில்லை. குளவி என்று ஒரு சொல் எழுதினால் என்ன குறைந்துவிடும்? இன்னொரு தோட்டத்துக்கு இன்னொருவர் கோடு கிழிக்கும்போது இது யாருக்குத் தெரியும்?

மார்ச் 13, வியாழன்

வெயில். அம்மா பேர் பதியும் பெரட்டுக்குப் போய்விட்டாள். நானும் ஏழாம் நம்பருக்கு.

9.06க்கு மேற்கே தூரத்தில் ஒரு ரீங்காரம். இங்கே கூடு அசையவில்லை. அம்மா தலையைக்கூடத் தூக்கவில்லை. 9.15க்கு டிஸ்பென்சரியிலிருந்து போன், பெட்டி வந்துவிட்டது.

பறப்புப் படிவம். பாதை மாற்றக் காரணம் அவரே அச்சடித்து அனுப்பியிருக்கிறார்: காற்று. அதற்கு அடுத்த வரி நான் நிரப்ப வேண்டியது: 'முகட்டில் காற்று'. 'இல்லை' என்று எழுதினேன். கீழே என் கையெழுத்து ஒன்றே, அவர் வரிக்கும் என் வரிக்கும்.