சோப்பு தேய்த்த வில்

2004 டிசம்பர் 3, வெள்ளி.

மாவட்டப் பள்ளி மாணவர் இசைக்குழுவில் நாங்கள் எட்டுப் பேர் வயலின். வேகமாக வாசிக்கும் இடம் எனக்கு மட்டும் வராது. தப்பு வெளியே கேட்கக் கூடாதென்று காலையில் வில்லில் சோப்பைத் தேய்த்துவிட்டேன். பெரம்பலூர் ஒத்திகையில் எல்லோரோடும் கையை ஆட்டினேன். என் வயலினில் சத்தமே இல்லை.

எங்கள் பக்கம் பிசிறு போனதை இசை ஆசிரியர் கவனித்துவிட்டார். என்னைப் பார்த்து, “இன்னிக்குத்தாம்மா நல்லா வாசிச்ச. நாளைக்கு விழாவுல அந்த இடத்த நீ தனியா வாசி,” என்றார். தலையாட்டிவிட்டேன்.

அரியலூர் பஸ் முழுக்க அந்த இடத்தை மடியில் விரலால் வாசித்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் வில்லைக் கழுவிக் காயவைத்தேன்.

“அப்பா நாளைக்கு ஆலையில லீவு சொல்லிட்டாரு, ஒன்னைப் பாக்க வராரு,” என்றார் அம்மா.

இப்போது, வில்லில் சத்தம் வரவைக்கும் ரோசின் பிசினைத் தேய்த்து இழுத்துப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.