இடப்பக்க விளக்கு

பத்து காஜா சிறை,
6 மார்ச் 2024

அன்புள்ள பெட்ரீசியா,

நான் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இந்த மாதமாவது பார்க்க வருவாய் என்று காத்திருந்தேன்.

வோல்வோ காரைப் போலீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். வெயிலில் நிறுத்தாதே. இடப்பக்க முன்விளக்கும் ரேடியேட்டரும்தான் போயிருக்கின்றன. லகாட்டில் பழைய கார்களை வெட்டி விற்கும் போத்தோங் கடை யுகேந்திரனிடம் போ. 940, தொண்ணூற்றைந்து மாடல் என்று சொல். போலி விளக்கு வாங்காதே, சீக்கிரம் மஞ்சளாகிவிடும். நான் வெளியே வரும்போது கார் ஓட வேண்டும்.

உன்
பாஸ்கல்


ஈப்போ,
29 மார்ச் 2024

அன்புள்ள உங்களுக்கு,

வர மனம் வரவில்லை. மன்னியுங்கள்.

யுகேந்திரன் கடைக்குப் போனேன். சுவர் முழுக்க விளக்குகள் தொங்குகின்றன. "எந்தப் பக்கம்க்கா?" என்றார். இடது என்றேன். "மாடு ஏதும் மோதிருச்சா?" என்றார். மனிதர் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன்.

விளக்கு அவரிடம் இல்லை. கோப்பெங்கிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். அசல்தான். ரேடியேட்டர் சுவீடனிலிருந்து வர இரண்டு மாதமாகுமாம்.

உங்கள்
பெட்ரீசியா


பத்து காஜா சிறை,
20 ஏப்ரல் 2024

அன்புள்ள பெட்ரீசியா,

அசல் விளக்கே கிடைத்துவிட்டதா! படித்ததும் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பின்பக்கம் நம்பர் இருக்கும், சரிபார். ரப்பர் வளையம் இல்லாமல் பூட்டினால் மழைத்தண்ணீர் இறங்கும். நான் வந்ததும் முதலில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்கு இதிலேயே போவோம்.

உன் கடிதத்தில் உன்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

உன்
பாஸ்கல்


ஈப்போ,
17 ஜூன் 2024

அன்புள்ள உங்களுக்கு,

ரேடியேட்டர் வந்தது. யுகேந்திரன் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தார். கார் ஓடியது.

கோப்பெங் பக்கம் பழைய எஸ்டேட் லயத்து வீடுகளுக்குப் போனேன். நீங்கள் கார் மோதியதில் இறந்துபோன சீனியின் மனைவி நவமணி அங்கேதான் இருக்கிறார். காரைச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்தேன். நான் யாரென்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, "காடி ரிப்பேர் பண்ணிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. வேறு என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. சீனியின் சைக்கிள் சுவரோரம் வளைந்து கிடக்கிறது. அதற்கு யாரும் சாமான் தேடவில்லை.

காரை யுகேந்திரனிடமே விற்றுவிட்டேன். கிள்ளானில் அக்கா ஜோவான் வீட்டுக்குப் போகிறேன். விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது. உங்கள் கடிதங்களை மறுபடியும் எடுத்துப் படித்தேன். சீனி என்ற பெயர் ஒன்றிலும் இல்லை. அந்தப் பெயரை எழுத முடிந்தால் எனக்கு எழுதுங்கள். முடியாவிட்டால் வேண்டாம்.

பெட்ரீசியா


பத்து காஜா சிறை,
9 ஜூலை 2024

பெட்ரீசியா,

முதலில் கோபம்தான் வந்தது. மூன்று தாள் கிழித்தேன்.

சீனி. எழுதிவிட்டேன்.

கண் அயர்ந்துவிட்டேன் என்று கோர்ட்டில் சொன்னேன். அயரவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வோல்வோவுக்கு ஒரு கதவுக் கைப்பிடி விற்பனைக்கு வந்திருந்தது. நிமிர்ந்தபோது அவர் சைக்கிளிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பற்றி உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. இங்கே கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவார்கள். படிக்கட்டும்.

நவமணி அம்மாவுக்கு எழுத வேண்டும். அவர் விலாசத்தை அனுப்பு. எனக்கென்று எதுவும் எழுத மனம் வராவிட்டால், அதை மட்டும் எழுதிப் போடு.

பாஸ்கல்